வெற்றிலையில் கிழித்த காது

வெள்ளை மேடு, கருப்பு பள்ளம். பிள்ளைகளா, உங்கள் அத்தா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்த வேலை முழுவதும் இவ்வளவுதான். நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில், "எங்க அத்தா கம்ப்யூட்டர்ல படம் வரையுறாக" என்று சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். நான் படம் வரையவில்லை. வந்த படத்தைக் கெடுத்தேன். கெடுத்தால்தான் அது மரத்தில் சரியாக வரும். அது எப்படி என்று சும்மா சொன்னால் உங்களுக்கு விளங்காது. ஒரு நாயை மரத்தில் செதுக்கின கதையைச் சொல்கிறேன், அதற்குள் எல்லாம் வந்துவிடும்.

அதற்கு முன்னால் நான் எந்த வேலையிலிருந்து இதற்கு வந்தேன் என்று சொல்ல வேண்டும். எண்பதுகளில், நீங்கள் பிறப்பதற்கு முன்பு, ராஜபாளையத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் டச்சிங் வேலை பார்த்தேன். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. கை மட்டும் கொஞ்சம் நிதானமான கை. டச்சிங் என்றால், எடுத்த படத்தின் நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் மெல்ல மெல்லத் தீட்டுவது. நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெள்ளையாக விழும். அம்மைத் தழும்பு, பரு, ஒட்டிய கன்னம், கண்ணுக்குக் கீழே கருவளையம், எல்லாம் அதில் மறைந்துவிடும்.

யாராவது கேட்டால்தான் செய்வோம் என்றில்லை. வந்து உட்கார்ந்த எல்லாருக்கும் செய்வோம். கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணுக்கு நிறம் ஒரு படி கூடும். மில்லில் பஞ்சுத் தூசியில் வாடியவருக்குக் கன்னத்தில் சதை வரும். கடைசியாகக் கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பேன். அது விழுந்த உடனே ஆள் தூக்கத்திலிருந்து முழித்துக்கொண்ட மாதிரி இருப்பார். "படத்தப் பாத்தவுக, நான் இம்புட்டு நல்லாவா இருக்கேன்னு கேக்கணும்" என்பார் ஸ்டுடியோ முதலாளி. பிறகு கலர் பிலிம் வந்தது. அதில் பென்சிலுக்கு வேலை இல்லை. எனக்குக் கண்வலி குறைந்தது, கூடவே சம்பளமும் குறைந்தது.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டை ஒட்டி ஒரு கதவுப் பட்டறை இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் அதன் ஓனர் கம்ப்யூட்டரில் ஓடுகிற செதுக்கு மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டார். மெஷினோடு கொஞ்சம் பூ, மயில், கொடி எல்லாம் பிளாப்பியில் வந்தன. ஆனால் வருகிறவர்கள் தங்கள் வீட்டு லட்சுமி படத்தைக் கொண்டுவந்து இதே மாதிரி கதவில் வேண்டும் என்றார்கள். படம் தெரிந்த ஆள் யார் இருக்கிறார் என்று ஓனர் விசாரித்திருக்கிறார். ஸ்டுடியோ முதலாளி என்னை அனுப்பிவைத்தார். மவுஸைப் பிடித்து ஒரு கோடு நேராக இழுக்கவே எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

மெஷினை ஓட்டுகிறவன் ஆலங்குளத்துக்காரன், ஐடிஐ முடித்தவன். வாய் சும்மா இருக்காது. அவன்தான் எனக்கு அந்தப் பாடத்தைச் சொன்னான். "பாய், இதுக்குக் கண்ணு கெடையாது. இது மூக்கு, இது முழின்னு எல்லாம் அதுக்குத் தெரியாது. படத்துல எங்க கருப்போ அங்க பிட்ட, அதான் சுத்துற உளிய, ஆழமா எறக்கும். எங்க வெள்ளையோ அங்க தொடாம விட்டுரும். நடுவுல சாம்பல்னா பாதி ஆழம். அம்புட்டுத்தான்."

"அப்ப மீசை?" என்றேன்.

"மீசை கருப்புல்ல? வாய்க்கால் வெட்டிரும்."

சரி, லட்சுமி படத்துக்கு இது பெரிய கஷ்டமாக இல்லை. கதவில் இருக்கும் லட்சுமியைக் கண்ணால்தான் பார்ப்பார்கள். கொஞ்சம் முன்பின் இருந்தாலும், மெருகு போட்டு மாலை போட்டால் சரியாகிவிடும். கதை இனிமேல்தான்.

ஒரு கோடை நாளில் ஒரு பெண் பட்டறைக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். புருஷன் ராணுவத்தில், வடக்கே குவார்ட்டர்ஸில் குடித்தனம். லீவுக்குப் பிள்ளைகளோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தகப்பனார் வீட்டுக்கு வந்திருக்கிறார். பையிலிருந்து ஒரு கருப்பு வெள்ளைப் படத்தை எடுத்துக் கொடுத்தார். வெள்ளை நாய் ஒன்று முகத்தை லேசாகத் திருப்பி உட்கார்ந்திருக்கிறது. நம் ஊர்ப் பக்கத்து வேட்டை நாய். பின்னால் தூணும் படிக்கட்டும் எழுதின திரை. அந்தத் தூணை எனக்குத் தெரியும். எங்கள் ஸ்டுடியோ தூண்.

"இத மரத்துல எடுக்கணும்ணே. தலையும் நெஞ்சும் போதும். நிஜ நாய் எம்புட்டு இருக்குமோ அம்புட்டு."

"சுவத்துல மாட்டுறதுக்கா? போட்டோவையே பெருசு பண்ணி பிரேம் போட்டுக்கலாமேம்மா" என்றேன்.

"கண்ணுக்கு இல்லண்ணே. கைக்கு."

பிறகு நின்றபடியே சொன்னார். தகப்பனார் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர். செண்பகத்தோப்பு பக்கம் மாந்தோப்பு வைத்திருந்தார். சர்க்கரை வியாதியில் கண் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது இரவும் பகலும் ஒன்றுதான். அந்த நாயின் கழுத்தில் கை வைத்துக்கொண்டு தெருமுனை டீக்கடை வரை போய் வருவார். பொங்கலுக்குப் பிறகு நாய் செத்துப்போனது. அன்றிலிருந்து அவர் வாசல் தாண்டவில்லை.

"கம்பு ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். நான் என்ன குருடனான்னு தூக்கி எறிஞ்சிட்டாக. சித்தப்பா ஒரு நாய்க்குட்டி கொண்டாந்து விட்டாக. இது யாரு வீட்டுது, கொண்டு போன்னுட்டாக. சேர்ல உக்காந்தா வலது கை கீழ தொங்குது. விரலு மட்டும் அசைஞ்சுக்கிட்டே கெடக்கு. எனக்குப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொறக்கப் போவுது. சித்தி பக்கத்து வீடுதான், சோறு கொண்டாந்து வச்சிரும். ஆனா இப்படி இருக்கவுகள விட்டுட்டு நான் எப்படிண்ணே ரயில் ஏறுவேன்?"

ஓனரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர், ஆனால் கதவு ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது. "மெஷின் சும்மா கெடக்கற நேரமாப் பாத்துச் செய்ங்க பாய். மொதல்ல கழிவு மரத்துல ஓட்டிப் பாருங்க. தேக்க வீணாக்கிராதீக" என்றார்.

படத்தை ஸ்கேனரில் வைத்து எடுத்து, அப்படியே கொஞ்சம் தூசி தட்டி, மெஷினுக்குக் கொடுத்தேன். எனக்கு அது நல்ல படமாகத்தான் தெரிந்தது. மெஷின் ஓடி முடிந்ததும் ஆலங்குளத்துக்காரன் மரத்தூளை ஊதிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

வெள்ளை நாய் அல்லவா? உடம்பு முழுக்க வெள்ளை, அதனால் உடம்பு முழுக்க ஒரே மட்டம். நெஞ்சும் இல்லை, தாடையும் இல்லை. பிரிண்டில் மூக்கு கருப்பாக இருந்ததால் அந்த இடத்தில் கட்டைவிரல் போகிற ஓட்டை. திரையில் எழுதின தூண் பளிச்சென்ற வெள்ளை என்பதால், அது நாய்க்கு முன்னால் வந்து நின்றுகொண்டது.

"பாய், இது நாயில்ல. தோசைக்கல்லுல ஊத்துன மாவு" என்றான் அவன். பிறகு குனிந்து பார்த்தான். கண் இருந்த இரண்டு குழிகளிலும் நடுவில் ஒரு சின்ன முள் நீட்டிக்கொண்டிருந்தது. "இது என்னது, கண்ணுல முள்ளு?"

"அது நான் வச்ச வெளிச்சம்" என்றேன்.

ஸ்டுடியோவில் ஆளை முழிக்கவைத்த அதே புள்ளிதான். கண்ணுக்கு வெளிச்சம், கைக்கு முள். அந்தப் பெரியவர் இதில் விரல் வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்து, பலகையைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. இத்தனை வருஷமும் நான் பார்த்தது எல்லாம் வெளிச்சத்தைத்தான், உருவத்தை இல்லை. இந்தப் படத்தில் எது வெள்ளை, எது கருப்பு என்று கேட்கக் கூடாது. எது நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது, எது தள்ளி இருக்கிறது என்று கேட்க வேண்டும். கிட்டத்தில் இருக்கிற மூக்கு நுனி கருப்பாக இருந்தாலும், அதற்குத்தான் நல்ல வெள்ளை. பின்னால் போகிற முதுகு வெள்ளையாக இருந்தாலும் அதற்குச் சாம்பல். ஒவ்வொரு இடமாக நிறத்தை அழித்துவிட்டு, உயரத்தைத் தீட்ட வேண்டும். அதற்கு நாயின் முகத்தில் எது எவ்வளவு உயரம் என்று தெரிய வேண்டுமே. நான் பிறந்ததிலிருந்து ஒரு நாயைத் தொட்டதில்லை. நம் வீட்டில் அது வழக்கமும் இல்லை.

நம் தெருக்கோடியில் தெலுங்கு பேசுகிற வீடு ஒன்று இருந்தது, உங்களுக்கு நினைவு இருக்கலாம். அந்த வீட்டில் இரண்டு வெள்ளை நாய்கள். ஞாயிற்றுக்கிழமை போய், ஒரு நாயைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"பாய்க்கு நாய் மேல என்ன திடீர்ப் பாசம்?" என்று அவர் சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இக்கட ரா" என்று ஒன்றைக் கூப்பிட்டு, கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டார். "செத்த நேரம் நிப்பான். மெதுவாத் தொடுங்க."

கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பெரியவருக்கு எப்படியோ அப்படித்தானே எனக்கும் தெரிய வேண்டும். நான் நினைத்தது எதுவும் சரியாக இல்லை. நெற்றி நடுவில் ஒரு பள்ளம் மேலே ஏறிப் போகிறது. கன்னத்தில் எலும்பு சட்டென்று எழும்பி, காதுக்குக் கீழே அமுங்குகிறது. கண் குழி இல்லை, மூடின இமைக்குள் ஒரு கோலிக்குண்டு. காது, பிறக்கும் இடத்தில் தடியாக இருக்கிறது, ஓரத்துக்குப் போகப் போகத் துணி மாதிரி ஆகிவிடுகிறது. நாய் என் உள்ளங்கையில் ஒரு தும்மல் போட்டது. நான் துள்ளிவிட்டேன்.

"பயந்துட்டீகளா? அதுவும் பயந்துதான் நிக்குது" என்றார் அந்த அம்மா.

வீட்டுக்கு வந்தால் உங்கள் அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். வாளித் தண்ணீரும் சோப்பும் வெளியே வந்தன. "வேலை கம்ப்யூட்டர்லன்னுதான சொன்னீக. கம்ப்யூட்டருக்கு எச்சில் உண்டா? சட்டையையும் கழட்டி அங்கனயே போடுங்க."

திங்கட்கிழமை படத்தை மறுபடி எடுத்தேன். தூணையும் படிக்கட்டையும் முழுக் கருப்பில் மூழ்கடித்தேன். கண்ணிலிருந்த வெள்ளைப் புள்ளியை எடுத்தேன். என் கையால் ஆயிரம் கண்ணில் வைத்த புள்ளியை, முதல் தடவையாக ஒரு கண்ணிலிருந்து எடுத்தேன். மூக்கு நுனிக்கு வெள்ளை கொடுத்தேன், அங்கிருந்து நெற்றிக்கு, நெற்றியிலிருந்து காதுக்கு, நெஞ்சுக்கு, தோளுக்கு என்று சாம்பல் படிப்படியாக மங்கிக்கொண்டே போனது. படி என்றா சொன்னேன்? படி வரக் கூடாது. இரண்டு சாம்பலுக்கு நடுவில் கோடு தெரிந்தால் மரத்தில் படிக்கட்டு விழும். அதைப் புகை மாதிரி கலைத்துவிட வேண்டும். ரொம்பக் கலைத்தால் எலும்பு கரைந்துவிடும். பென்சிலில் பழகின கை இதற்கு மட்டும் உதவியது. கை மறந்துபோகும்போது, கண்ணை மூடி அந்த நாயின் மண்டையை நினைத்துக்கொள்வேன்.

இடையில் அந்தப் பெண் பார்க்க வந்தார். கம்ப்யூட்டர் திரையைக் காட்டினேன். கருப்புக்குள் ஒரு வெள்ளைப் புகை, அதில் முகம் மாதிரி ஒன்று. நிறம் இல்லை, மூக்கின் கருப்பு இல்லை, பார்வை இல்லை. அவர் முகம் வாடிவிட்டது.

"இது எங்க நாயாண்ணே? பேய் மாதிரி இருக்கே. போட்டோவுல எம்புட்டு நல்லா இருந்துச்சு."

"கண்ணுக்கு இப்படித்தாம்மா இருக்கும்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே நம்பிக்கை முழுக்க இல்லை.

வேப்பம்பலகையில் ஓட்டினோம். முதலில் பெரிய பிட்டால் முரடாக ஒரு ஓட்டு, பிறகு சின்ன பிட்டால் நிதானமாக. தூளை ஊதியதும் ஆலங்குளத்துக்காரன் குனிந்தான். தாடையைத் தடவிப் பார்த்து, "கடிக்குமா பாய்?" என்றான். அவன் பாராட்டு அப்படித்தான் இருக்கும்.

பலகையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். "என்ன பாய், சாமி படமா? பாத்து வைங்க, மிதிச்சிரப் போறாக" என்றார் கண்டக்டர். நாய்ப் படம் என்று சொன்னால் இறக்கிவிட்டுவிடுவாரோ என்று பேசாமல் இருந்தேன்.

பெரியவர் முன்னறையில் இரும்புச் சேரில் உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், ராணுவ மீசை. வலது கை சேருக்குப் பக்கத்தில் தொங்கியது. மகள் சொன்ன மாதிரியே விரல்கள் அசைந்துகொண்டிருந்தன.

"யப்பா, பட்டறையில இருந்து பாய் வந்திருக்காக. ஒண்ணு கொண்டாந்திருக்காக. தொட்டுப் பாருங்க."

பலகையை அவர் மடியில் நிமிர்த்தி வைத்தேன். முதலில் ஓரத்தைத் தடவினார். "என்னது, சன்னல் கதவா?" என்றார். அப்புறம் விரல் மூக்கில் பட்டது. கை நின்றது. பிறகு மெல்ல நெற்றிப் பள்ளத்தில் ஏறியது, தெரிந்த தெருவில் நடக்கிற மாதிரி. கன்னத்து எலும்பு, தாடைக்குக் கீழே தொங்கு சதை. அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. மகள் சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். கை காதுக்குப் போனது. காதின் ஓரத்தை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றியது. மறுபடி ஒரு சுற்று.

கையை எடுத்துவிட்டார்.

"இது என் நாய் இல்ல. எவனோ ஒருத்தன் நாய். நல்ல நாய்தான். கொண்டு போங்க."

"போட்டோவுல இருக்கபடியேதான்யா செஞ்சது" என்றேன்.

"எந்தப் போட்டோ? ஸ்டுடியோவுல எடுத்ததா?" அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "அது காது வளந்த போட்டோல்லா. குட்டியா இருக்கையில தோப்புல காட்டுப் பன்னி கிட்டப் போயி, இந்தப் பக்கக் காதப் பாதி குடுத்துட்டு வந்துச்சு. ஸ்டுடியோவுல ஒருத்தன் அதப் படத்துல ஒட்ட வச்சுட்டான். ஏலே, மாட்டு டாக்டரால முடியாதத நீ எப்படிச் செஞ்சன்னு கேட்டேன். முழிச்சான்."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. திரைக்கு முன்னால் ஒரு வெள்ளை நாய் விளக்கைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் காக்கிக் கால்சட்டை போட்ட உயரமான மனிதர். நெகட்டிவில், கிழிந்த காதின் இடத்தில், பென்சிலால் ஒரு முழுக் காதை நான் தீட்டியிருந்தேன். யாரும் சொல்லவில்லை. வழக்கப்படி செய்தேன். இந்தப் படம் கைக்கு வந்து இத்தனை நாளாகியும், அது நான் போட்ட காது என்று எனக்குப் படவே இல்லை. அவ்வளவு நன்றாகப் போட்டிருந்தேன்.

"அந்த ஒருத்தன் நாந்தான்யா" என்றேன்.

பெரியவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "நீயா?" மடியில் இருந்த பலகையை என் பக்கம் தள்ளினார். "ஏலே பாய், அன்னிக்குப் படத்துல ஒட்டுன. இன்னிக்கு மரத்துலயும் ஒட்டிட்டியே."

"காது கிழிஞ்சது எனக்கும் தெரியும்பா" என்றார் மகள். "கிழிஞ்ச காத எதுக்கு மரத்துல வைக்கணும், நல்லதா இருக்கட்டும்னுதான் நான் ஒண்ணும் சொல்லல."

"கண்ணு இருந்த காலத்துல நானும் அப்படித்தான் நெனச்சேன். பாத்தவுக எல்லாம் நல்லாருக்குன்னாக, விட்டுட்டேன். பொறவு கண்ணு போச்சு. டீக்கடைக்குப் போகையில என் விரலு அந்தக் கிழிசலுக்குள்ளதான் கெடக்கும். அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் நடந்தேன்." கையை நீட்டினார். "வெத்தலப் பெட்டிய எடு."

மகள் எடுத்துக் கொடுத்தார். ஒரு வெற்றிலையைத் தேர்ந்து, காம்பைக் கிள்ளி, நடு நரம்பில் மடித்தார். விரலால் அளந்து அளந்து கிழித்தார். தடவிப் பார்த்துவிட்டு, "இல்ல" என்று கசக்கி வாயில் போட்டு மென்றார். இன்னொன்றை எடுத்தார். நுனியில் வளைவாக ஒரு கடி மாதிரி எடுத்தார். அதற்குக் கீழே உள்ளே போகிற ஒரு கீற்று. கீற்றுக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். இன்னும் ஒரு நூல் அளவு கிழித்தார். மறுபடி விட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"இந்தா. இதான் காது. இதவிடக் கூட்டாத, குறைக்காத."

ஈரத் துணியில் சுற்றி, என் டிபன் பாக்ஸில் வைத்து, வாடுவதற்குள் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். ஸ்கேனரின் கண்ணாடியில் வெற்றிலையை வைத்து மூடியை மூடும்போது ஆலங்குளத்துக்காரன் பார்த்துவிட்டான்.

"பாக்கு எங்க பாய்? சுண்ணாம்பு நான் கொண்டாரட்டா?"

வெற்றிலை திரையில் கருப்பாகத்தான் வந்தது. கருப்பு என்றால் பள்ளம், காது பள்ளமாகப் போய்விடும். அதன் நிறத்தைப் புரட்டி வெள்ளையாக்கினேன். நரம்புகள் எல்லாம் கருப்புக் கோடுகளாக, பள்ளமாக விழுந்தன. அவற்றை ஒவ்வொன்றாக அழித்தேன். நரம்பு வெற்றிலையுடையது, கிழிசல்தான் நாயுடையது. ஓரத்துக்கு வந்ததும் கை தானாகவே அதைச் சீராக்கப் போனது. கடி வாங்கின இடத்தில் பிசிறு, கீற்றில் ஒரு கோணல். பழைய கை அல்லவா, பிசிறைக் கண்டால் விடாது. கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு முழுக் காதை அழித்துவிட்டு, அந்த வெற்றிலைக் காதை அதன் அளவிலேயே, பிசிறோடு அங்கே வைத்தேன்.

தேக்கில் ஓட்டினோம். உப்புத்தாள் போடும்போது, காது ஓரத்தை மட்டும் தொடாதே என்று ஆலங்குளத்துக்காரனிடம் சொன்னேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. மாட்டுவதற்கு அவனே டிரில்லும் ஸ்குருவும் எடுத்துக்கொண்டு என்னோடு வந்தான்.

வாசலுக்கு எதிர்ச் சுவரில், வருகிறவர்கள் பார்வை படும் இடத்தில், எல்லாரும் படம் மாட்டுகிற உயரத்தில் மாட்டினோம். மகள் தகப்பனாரின் தோளைப் பிடித்துக் கூட்டிவந்து நிறுத்தினார். அவர் கையைத் தூக்கினார். மூக்கு. நெற்றிப் பள்ளம். கன்னம். காது. விரல் ஓரமாகப் போய், கடித்த வளைவில் இறங்கி, கீற்றைக் கண்டுபிடித்தது. சுண்டுவிரல் உள்ளே போனது.

அவர் கையை எடுக்கவில்லை. பிறகு தொண்டையைச் செருமினார்.

"எதுக்குலே இம்புட்டு ஒசரத்துல மாட்டிருக்கீக? அது என்ன என்கூட ராணுவத்துல இருந்த ஆளா, மூஞ்சிக்கு நேரா நிக்க?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் தடவித் தடவிப் போய்ச் சேரில் உட்கார்ந்தார். வலது கையைத் தொங்கவிட்டார். கை போய் நின்ற இடத்தில், சேருக்குப் பக்கத்துச் சுவரில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"இங்க."

கழற்றி அங்கே மாட்டினோம். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நாயின் மூக்கு வந்தது. நின்று பார்த்தால் நமக்கு அதன் உச்சந்தலைதான் தெரியும். முதல் சுவரில் விழுந்த ஓட்டைகளை அடைத்துத் தரவா என்று ஆலங்குளத்துக்காரன் கேட்டதற்கு, "கெடக்கட்டும், உன் சட்டையத் தொங்கப் போடலாம்" என்றார்.

கை இறங்கியது. காதுக்குப் போனது. விரல்கள் கொஞ்ச நேரம் அங்குமிங்கும் போய்விட்டு, கீற்றுக்குள் போய் அசையாமல் நின்றன. அந்த வீட்டுக்கு நான் போன இரண்டு தடவையும் அசைந்துகொண்டே இருந்த விரல்கள்.

மகள் டீ கொண்டுவந்தார். குடித்துவிட்டு நாங்கள் கிளம்பும்போது பெரியவர் கூப்பிட்டார்.

"ஏலே பாய். அந்தத் தேக்குல மிச்சம் கெடக்கா?"

"ஓரத்துண்டு கெடக்குய்யா. நீளமா ஒண்ணு."

"அதுல எனக்கு ஒரு கம்பு சீவிக் குடு. பிடிகிட்ட ஒரு கீத்துப் போட்டு வை, சுண்டுவெரல் போற அளவுக்கு. டீக்கடைக்காரன் நான் செத்துப்போயிட்டேன்னு நெனச்சிருப்பான்." பிறகு மகள் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார். "ரயிலு என்னைக்கு?"

"நாளைக்கழிச்சுப்பா."

"துணி எல்லாம் எடுத்து வச்சாச்சா? இன்னும் நின்னுக்கிட்டு இருக்க."

மகள் உள்ளே போனார். நாங்கள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே தகரப் பெட்டியின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது.